கால்பந்தில் பெண்களைப் பற்றிய கேலி: எது நகைச்சுவை, எது விதிமீறல், தண்டனை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

கால்பந்து உலகிலிருந்து ஒரே வார்ப்பில் ஒரு செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. பயிற்சியாளர் ஒருவரோ வர்ணனையாளர் ஒருவரோ சங்க நிர்வாகி ஒருவரோ பெண் நடுவரைப் பற்றியோ வீராங்கனையைப் பற்றியோ ஏதோ சொல்லிவிடுகிறார். கண்டனம் எழுகிறது. "விளையாட்டாகச் சொன்னேன்" என்ற விளக்கம் வருகிறது. அதன்பின் ஒருவர் வேலையை இழக்கிறார், இன்னொருவர் அபராதம் கட்டிவிட்டுத் தொடர்கிறார், மூன்றாமவருக்கு எதுவும் நேர்வதில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு எழும் கேள்விகள் இரண்டு: வெறும் கேலிக்கு எதற்குத் தண்டனை? தண்டனை தேவை என்றால், அது ஏன் ஆளுக்கொரு அளவில் இருக்கிறது? முதல் கேள்விக்கு விடை காண, அந்தக் கேலி களத்தில் என்ன வேலையைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவதன் விடை, பலர் எண்ணுவதுபோல, சொன்ன சொல்லின் கடுமையில் இல்லை. சொன்னவர் எந்த அமைப்பின் விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

பாலினப் பாகுபாட்டுப் பேச்சு என்பது, ஒருவரின் திறமையையோ தகுதியையோ இடத்தையோ அவர் பெண் என்ற ஒரே காரணத்தால் குறைத்து மதிப்பிடும் பேச்சு. கால்பந்தில் அது மூன்று வடிவங்களில் வருகிறது.

1. நேரடி இழிவு. பெண்களுக்கு இங்கே இடமில்லை என்று வெளிப்படையாகச் சொல்வதும், உடல் சார்ந்த ஆபாசப் பேச்சும் இதில் அடங்கும்.

2. தகுதியைச் சந்தேகிக்கும் கேலி. "இவருக்கு ஆட்டம் புரியுமா?" என்ற வகை. வசவு எதுவும் இல்லாததால் இது மென்மையாகத் தோன்றும். கால்பந்தில் மிகப் பரவலாகக் காதில் விழுவது இதுதான்.

3. பாராட்டு வேடம் பூண்ட தாழ்த்தல். புகழ்வது போலத் தொடங்கி, புகழப்படுபவரைக் களத்திலிருந்து வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடும் பேச்சு.

முதல் வகையைப் பற்றிப் பெரிய விவாதம் எழுவதில்லை. குழப்பமெல்லாம் மற்ற இரண்டில்தான்.

ஆஃப்சைடு கேலியின் உள்ளமைப்பு

இந்த விவாதத்தில் இன்றுவரை முதலில் நினைவுகூரப்படும் நிகழ்வு 2011 ஜனவரி 22 அன்று நடந்தது. வுல்வர்ஹாம்ப்டன், லிவர்பூல் அணிகள் மோதிய, இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு 25 வயதான சியான் மாஸி துணை நடுவராக நியமிக்கப்பட்டிருந்தார். ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற இணையரான ரிச்சர்ட் கீஸும் ஆண்டி கிரேயும், ஒலிவாங்கி ஒளிபரப்பில் இல்லை என்ற நம்பிக்கையில், பெண்களுக்கு ஆஃப்சைடு விதி தெரியாது என்றும், யாராவது போய் அவருக்கு விளக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். அந்த ஒலிப்பதிவு வெளியே கசிந்தது.

கேலியின் பொருள் விளங்க வேண்டுமானால் விதியைச் சற்று பார்க்க வேண்டும். சக வீரர் பந்தை உதைக்கும் அல்லது தொடும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில் நிற்கும் தாக்குதல் வீரரின் தலை, உடல், கால் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பகுதி, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருந்தால் அவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். கைகள் கணக்கில் வரா. அந்த நிலையில் நிற்பது மட்டுமே குற்றமாகாது. அவர் ஆட்டத்தில் ஈடுபட்டால்தான் குற்றம். கோல் கிக், த்ரோ இன், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு இந்த விதி பொருந்தாது. அவ்வளவுதான் விதி, ஒரு பத்தியில் அடங்கிவிடுகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிகிறது. அதை அறிந்திருப்பது ஒரு சாதனையே அல்ல.

கடினமானது அதை நடைமுறைப்படுத்துவது. துணை நடுவர் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரின் நேர்கோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பந்து உதைக்கப்படும் இடமோ முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி இருக்கக்கூடும். தாக்குபவர் முன்னோக்கியும் தடுப்பவர் எதிர்த்திசையிலும் விநாடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் அவர்களுக்கிடையே 1.4 மீட்டர் இடைவெளி உருவாகிவிடும். பார்வை ஒரு நொடி பிசகினால் முடிவு தலைகீழாகும். ஆகவே இது பயிற்சி, நிற்கும் இடம், கவனம் ஆகியவற்றால் அமையும் திறன். ஆண்கள் ஆட்டங்களில் பணியாற்ற விரும்பும் பெண் நடுவர்கள், ஆண் நடுவர்களுக்கான அதே உடற்தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றைய ஆட்டத்தில் லிவர்பூலின் முதல் கோலுக்கு முன், ரவுல் மெய்ரெலெஸ் தடுப்பு வரிசையைக் கடந்து பந்தைப் பெற்றபோது மாஸி கொடியை உயர்த்தவில்லை, அதாவது ஆஃப்சைடு இல்லை என்று கணித்தார். மெய்ரெலெஸ் தந்த பந்தை ஃபெர்னாண்டோ டோரஸ் கோலாக்கினார். மறுஒளிபரப்பில் மாஸியின் முடிவு சரியென்று தெரிந்தது. லிவர்பூல் 3-0 என வென்றது.

இந்தக் கதையை "அவர் சரியாகத்தான் கணித்தார், ஆகவே கேலி பொய்த்தது" என்று முடித்துவிடுவது வழக்கம். அந்த முடிவு எனக்கு உடன்பாடல்ல. மாஸி அன்று தவறாகக் கணித்திருந்தால் கேலி நியாயமாகிவிட்டிருக்குமா? ஆண் துணை நடுவர்கள் வாராவாரம் தவறு செய்கிறார்கள். அதற்காக ஆண்களுக்கு ஆஃப்சைடு தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. கேலியின் உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது:

1. அது முடிவுக்கு முன்பே சொல்லப்பட்டது. அதாவது, மாஸியின் எந்தச் செயலையும் மதிப்பிட்டுச் சொன்னதல்ல.

2. அது நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றுகிறது. ஆண் நடுவருக்குத் தகுதி உண்டு என்று வைத்துக்கொண்டு, தவறு செய்தபின் கேள்வி கேட்கிறார்கள். பெண் நடுவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தகுதியை முதலில் காட்டியாக வேண்டியிருக்கிறது.

3. தனி ஒருவரின் தவறு, நடந்தால், ஒரு பாலினத்தின் தவறாக எழுதப்படுவதற்கு அது முன்கூட்டியே வழி செய்து வைக்கிறது.

இதன் விளைவு யார்மேல் விழுந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. செய்தி பரவியதும், அடுத்து அவர் பணியாற்ற வேண்டியிருந்த குரூ, பிராட்ஃபோர்டு அணிகளின் ஆட்டத்திலிருந்து, ஊடகக் கவனம் ஆட்டத்தை மறைத்துவிடக்கூடும் என்ற காரணத்தால் மாஸி விலக்கிக்கொள்ளப்பட்டார். கேலி செய்தவர்கள் இருவர்; அடுத்த பணி வாய்ப்பை இழந்தவர்களின் பட்டியலில் அவரும் சேர்ந்தார். பின்னர் அவர் மீண்டும் பிரீமியர் லீக் களத்துக்கு வந்தார் என்பதும், 2017இல் பிரிட்டிஷ் அரசின் எம்பிஇ விருது பெற்றார் என்பதும் அந்த வாரத்துக் கணக்கை மாற்றுவதில்லை.

"அவர்கள் ஆடி வளர்ந்தவர்கள் அல்லவே" என்ற வாதத்தின் வரலாறு

பெண்கள் கால்பந்துக்குப் புதியவர்கள், அதனால் சந்தேகம் இயல்பானது என்றொரு வாதம் உண்டு. அவர்கள் புதியவர்கள் அல்லர், வெளியேற்றப்பட்டவர்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் மகளிர் அணி ஆடிய ஆட்டத்துக்குச் சுமார் 53,000 பேர் வந்திருந்தார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாதது என்று கூறி, தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் மகளிர் ஆட்டங்களை இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தடை செய்தது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. சங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2008இல்.

இங்கிலாந்து தனித்து நிற்கவில்லை. பிரேசிலில் 1941இல் வந்த அரசாணை 1979 வரை பெண்களைத் தடுத்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை இருந்தது. அது நீங்கியபோதும், பாதிக்கு முப்பது நிமிடம், சிறிய பந்து என்ற நிபந்தனைகளோடுதான் அனுமதி கிடைத்தது. அரை நூற்றாண்டு வாசலைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே வந்தவரிடம் "இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்?" என்று கேட்பதைப் போன்றது அந்த வாதம்.

பாராட்டின் வடிவில்

மூன்றாம் வகைக்குச் சான்றுகள் குறைவில்லை. 2015 மகளிர் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்துத் திரும்பிய இங்கிலாந்து அணியை வாழ்த்திய அந்நாட்டுச் சங்கம், அவர்கள் இன்று மீண்டும் தாய்மார்களாக, துணைவியராக, மகள்களாகத் திரும்புகிறார்கள் என்று ட்விட்டரில் எழுதி, எதிர்ப்பு வந்ததும் அதை நீக்கியது. ஆண்கள் அணி நாடு திரும்பும்போது அவர்கள் தந்தையராகவும் கணவர்களாகவும் திரும்புகிறார்கள் என்று எவரும் எழுதுவதில்லை. 2018 டிசம்பரில், ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான பாலோன் தோர் விருதை, அது மகளிருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, பெற மேடையேறிய நார்வே வீராங்கனை ஆடா ஹெகர்பெர்கிடம், இடுப்பை ஆட்டி ஆடும் ஒரு நடனத்தை ஆடத் தெரியுமா என்று கேட்டார் தொகுப்பாளராக நின்ற இசைக்கலைஞர் மார்ட்டின் சோல்வேய். "தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். சோல்வேய் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அதே 2018இல் உலகக் கோப்பை ஒளிபரப்பின்போது, சக விமர்சகர் எனி அலுகோ ஓர் அணியை நுட்பமாக அலசி முடித்ததும் முன்னாள் பிரெஞ்சு வீரர் பத்ரிஸ் எவ்ரா கைதட்டினார். கைதட்டியவரின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், ஆண் விமர்சகர் தன் வேலையைச் செய்யும்போது அருகில் இருப்பவர் கைதட்டுவதில்லை என்பதால் பார்த்தவர்களுக்கு அது உறுத்தியது.

இவ்வகைப் பேச்சுக்குத் தண்டனை ஏதும் தேவையென்று நான் கருதவில்லை. சுட்டிக்காட்டினாலே போதும், பெரும்பாலானோர் திருத்திக்கொள்கிறார்கள்.

எந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது?

தண்டனை ஏன் மாறுபடுகிறது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை தொடங்குகிறது. ஒரே பேச்சைத் தனித்தனியாக நான்கு அடுக்குகளில் விசாரிக்க முடியும்.

1. ஆட்ட விதிகள். களத்தில் புண்படுத்தும், அவமதிக்கும் அல்லது இழிவான சொல்லையோ சைகையையோ பயன்படுத்தும் வீரரை நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றலாம். இது அந்த ஆட்டத்துக்கான உடனடி நடவடிக்கை.

2. சங்கங்களின் ஒழுங்கு விதிகள். பாலினத்தின் பேரில் ஒருவரின் கண்ணியத்தைக் குலைப்பவருக்குக் குறைந்தது பத்து ஆட்டத் தடை அல்லது குறிப்பிட்ட காலத் தடை என்று உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பு கூறுகிறது. இங்கிலாந்துச் சங்கத்தின் விதி, முறைகேடான பேச்சில் பாலினம், இனம் போன்றவற்றைப் பற்றிய குறிப்பு இருந்தால் அதைக் கடுமை கூடிய மீறலாகக் கொள்கிறது. ஆனால் இவ்விதிகள் வீரர், பயிற்சியாளர், நிர்வாகி, கிளப் ஊழியர் போன்று ஆட்டத்தில் பங்கேற்பவர்களுக்கே பொருந்தும்.

3. பணியிடச் சட்டம். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, பாலினம் தொடர்பான விரும்பத்தகாத நடத்தை, ஒருவரின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கத்துடனோ விளைவுடனோ இருந்தால் அது துன்புறுத்தல்.

4. குற்றவியல் சட்டம். மிரட்டல், கடுமையாகப் புண்படுத்தும் செய்திகளை அனுப்புதல் போன்றவை இங்கே வரும்.

மூன்றாவது அடுக்கில் வரும் "நோக்கத்துடனோ விளைவுடனோ" என்ற சொற்றொடர்தான் "சும்மா கேலி" என்ற வாதத்தைப் பெருமளவு வலுவிழக்கச் செய்கிறது. கேலி செய்தவரின் உள்ளத்தில் தீய எண்ணம் இருந்ததா என்பதை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. அதே சமயம், புண்பட்டதாக ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்றும் சட்டம் கூறவில்லை. பாதிக்கப்பட்டவர் அதை எப்படி உணர்ந்தார், சூழல் என்ன, அப்படிப்பட்ட விளைவு ஏற்படுவது நியாயமானதா என்ற மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையை இரு தரப்பினருமே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மேலும், அந்தப் பேச்சு புகார் தருபவரைக் குறிவைத்தே இருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. அருகில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணும் புகார் தரலாம்.

ஒரே மாதிரிப் பேச்சு, வெவ்வேறு முடிவுகள்

கீஸும் கிரேயும் தொலைக்காட்சி ஊழியர்கள். அவர்கள்மீது நடவடிக்கை எடுக்கும் இடத்தில் இருந்தது அவர்களின் நிறுவனம். பெண் தொகுப்பாளர் ஒருவரிடம் கிரே தகாத முறையில் பேசிய மற்றொரு காட்சியும் வெளிவந்தபின் 2011 ஜனவரி 25இல் அவர் நீக்கப்பட்டார். மறுநாள் கீஸ் பதவி விலகினார். தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் பார்வையாளரும் விளம்பரதாரரும் வேண்டும், ஆதலால் அது வேகமாக முடிவெடுத்தது.

2014 மே மாதத்தில் பிரீமியர் லீகின் தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்குடமோர் அனுப்பிய மின்னஞ்சல்களில் பெண்களைக் குறித்த ஆபாசமான கேலிகள் இருந்தது வெளியானது. அவர் மன்னிப்புக் கேட்டார். தனிப்பட்ட மின்னஞ்சலில் சொல்லப்பட்டதைத் தொழில்முறை ஒழுங்கீனமாகத் தான் கருதுவதில்லை என்றது இங்கிலாந்து கால்பந்துச் சங்கம். மேல்நடவடிக்கை தேவையில்லை என்றன கிளப்புகள். கீஸ், கிரே இருவரின் கசிந்த ஒலிப்பதிவும் தனிப்பட்ட உரையாடலாகவே தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்விரண்டு வழக்குகளையும் பிரித்தது பேச்சின் தன்மை அல்ல என்பது தெளிவாகும். நடவடிக்கை எடுக்க வேண்டிய கிளப்புகளுக்கு வணிக ரீதியில் பெரும் வருவாய் ஈட்டித் தந்தவர் ஸ்குடமோர்.

பயிற்சியாளர் மைக் நியூவெல் வழக்கில் சங்க விதி நேரடியாகப் பொருந்தியது. 2006 நவம்பரில் லூட்டன் அணியின் தோல்விக்குப் பின், பெண் துணை நடுவரை அங்கே நியமித்ததே தவறு என்று பேசிய அவருக்கு 6,500 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இங்கேயும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: முடிவு தவறு என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் இது வழக்கமான நடுவர் விமர்சனமாக முடிந்திருக்கும்.

ஜெர்மனியின் இரண்டு நிகழ்வுகள் இன்னும் சுவையானவை. 2015இல் டுசல்டார்ஃப் அணியின் கெரெம் டெமிர்பே, தன்னை வெளியேற்றிய நடுவர் பிபியானா ஸ்டைன்ஹவுஸிடம் ஆண்கள் கால்பந்தில் பெண்களுக்கு வேலையில்லை என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கிளப்பின் ஏற்பாட்டில் சிறுமியர் ஆட்டம் ஒன்றுக்கு அவரே நடுவராக நின்றார். நடுவர் வேலையின் கடினத்தை உணரவைத்த அந்த ஏற்பாட்டைப் பலர் வரவேற்றனர். 2021இல் மொன்சென்கிளாட்பாக் இரண்டாம் அணியின் பயிற்சியாளர் ஹைகோ ஃபோகல், பெண் நடுவர்களை இழிவாகப் பேசியதற்கு, தடையோடும் அபராதத்தோடும் மகளிர் அல்லது சிறுமியர் அணிக்கு ஆறு முறை பயிற்சியளிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இதற்கு வீராங்கனைகளிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. எங்களோடு வேலை செய்வது ஒரு தண்டனையா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான்: முன்னது குற்றம் செய்தவருக்கு ஒரு வேலையைக் கற்பித்தது, பின்னது மகளிர் அணியையே அபராதமாக மாற்றியது.

எதிர்வாதங்களில் எவை நிற்கும்?

"ஆண் நடுவர்களையும் திட்டுகிறார்கள்" என்பது உண்மை. ஆனால் அவர்களை ஆண்கள் என்பதற்காகத் திட்டுவதில்லை. "மகளிர் ஆட்டம் எனக்குச் சுவையாக இல்லை" என்று ஒருவர் சொல்வதில் பாகுபாடு ஏதுமில்லை. ரசனையைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. பெண் வர்ணனையாளரின் கருத்து தவறு, பெண் நடுவர் பெனால்டியைத் தவறவிட்டார் என்பதும் விமர்சனமே. பெண்ணின் பெயர் இருக்கும் இடத்தில் ஓர் ஆணின் பெயரை வைத்து அதே வாக்கியத்தைப் படித்துப் பார்த்தால் பொருள் மாறாமல் நிற்குமா என்பது எளிய சோதனை.

குரல் பற்றிய வாதம் சற்றே சிக்கலானது. 2018 உலகக் கோப்பையில் போர்ச்சுகல், மொராக்கோ ஆட்டத்தை விக்கி ஸ்பார்க்ஸ் வர்ணித்தபோது, உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குரல் தனக்குப் பிடிக்கவில்லை என்று முன்னாள் வீரர் ஜேசன் கண்டி தொலைக்காட்சியில் சொல்லி, பின் வருத்தம் தெரிவித்தார். ஒரு குரல் பிடிப்பதும் பிடிக்காததும் தனிமனித ரசனைதான். ஆனால் பல்லாண்டுகளாக ஆண் குரலை மட்டுமே கேட்டுப் பழகிய காது, அந்தப் பழக்கத்தையே தகுதியின் அளவுகோலாக்கும்போது, பாதி மக்கள்தொகை அந்த வேலைக்கே தகுதியற்றதாகிவிடுகிறது.

"இப்படிப் பேசுவோர் மிகச் சிலரே" என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். டரம் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 1,950 ஆண் ரசிகர்களிடம் நடத்தி 2022 தொடக்கத்தில் வெளியிடப்பட்ட ஆய்வில், மகளிர் விளையாட்டுமீது வெளிப்படையான வெறுப்பைக் காட்டியோர் முற்போக்கு மனப்பான்மை கொண்டோரைவிட அதிகமாக இருந்தனர். விரும்பி வந்து பதிலளித்தவர்களிடம் நடத்திய ஆய்வு என்பதால் அதை எல்லா ரசிகர்களுக்கும் நீட்டிவிடக் கூடாது. இருந்தாலும் "மிகச் சிலர்" என்ற ஆறுதலுக்கு அதில் இடமில்லை.

இணையத்தில் எல்லை எங்கே?

2023 மகளிர் உலகக் கோப்பையின்போது சமூக ஊடகங்களைக் கண்காணித்த ஃபிஃபா, பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இழிவான அல்லது மிரட்டலான செய்திகளுக்கு இலக்கானதாகவும், முந்தைய ஆண்கள் உலகக் கோப்பை வீரர்களைவிட இவர்கள் இலக்காவதற்கு 29 விழுக்காடு அதிக வாய்ப்பு இருந்ததாகவும் அறிவித்தது. இவற்றில் மிகச் சிலவே நீதிமன்றம் வரை போகின்றன, ஏனெனில் குற்றவியல் சட்டத்தின் வாசல் உயரமானது.

அந்த உயரத்தை அளந்து காட்டியது முன்னாள் வீரர் ஜோயி பார்ட்டனின் வழக்கு. வர்ணனையாளர்கள் லூசி வார்டு, எனி அலுகோ ஆகியோரையும் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெரமி வைனையும் பற்றி அவர் இட்ட பதிவுகளுக்காகப் பன்னிரண்டு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2025 நவம்பரில் லிவர்பூல் கிரவுன் நீதிமன்றத்தின் ஜூரிகள் ஆறில் அவரைக் குற்றவாளியென்றும் ஆறில் குற்றமற்றவரென்றும் தீர்ப்பளித்தனர். தொடர் கொலைகாரத் தம்பதியரின் புகைப்படத்தில் வார்டு, அலுகோ இருவரின் முகங்களையும் ஒட்டி வெளியிட்ட படம் குற்றமெனக் கொள்ளப்பட்டவற்றில் ஒன்று. பெண்கள் ஆண்கள் கால்பந்தைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கருத்தை வைத்திருப்பது குற்றமல்ல. குறிப்பிட்ட ஆளைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு கடுமையாகப் புண்படுத்தும் ஒன்றை அனுப்புவதே குற்றம். கவனிக்க: பணியிடச் சட்டத்தில் விளைவே போதுமானது, இங்கே நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். ஒரே வாக்கியம் அலுவலகத்தில் துன்புறுத்தலாகவும் இணையத்தில் தண்டிக்க முடியாததாகவும் இருப்பதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

புகாருக்குக் காத்திராத கடமை

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலான வழிகள், நடந்தபின் ஒருவர் புகார் தர வேண்டும் என்ற நிலையில் இருப்பவை. புகார் தருவதற்கான விலை சிறியதல்ல. 2015 ஆகஸ்டில், நடுவரின் அழைப்பின்பேரில் காயமுற்ற ஈடன் ஹசார்டுக்குச் சிகிச்சை தர ஓடிய செல்சி மருத்துவர் ஈவா கார்னெய்ரோவும் உடன் சென்ற பணியாளரும் ஆட்டம் புரியாதவர்கள் என்ற பொருளில் பயிற்சியாளர் ஜோசே மொரின்ஹோ வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். பாகுபாடான சொல் எதையும் மொரின்ஹோ பயன்படுத்தவில்லை என்று சங்கம் முடிவு செய்தது. கார்னெய்ரோ கிளப்பை விட்டு விலகி, வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2016 ஜூனில் சமரசம் ஏற்பட்டு, கிளப் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரியது. பணியை முறைப்படி செய்தவர் அவர். ஆயினும் அந்த அணியின் ஆட்டக்களத்துக்கு அவர் திரும்பவில்லை.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் நேராமல் தடுக்க நியாயமான நடவடிக்கைகளை முன்கூட்டியே எடுக்கும் கடமையை முதலாளிமேல் சுமத்துகிறது. அக்கடமையில் தவறியது நிரூபணமானால் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 விழுக்காடு வரை உயர்த்தலாம். பாலியல் தன்மை கொண்ட நடத்தைக்கே இது பொருந்தும், "ஆஃப்சைடு தெரியுமா?" என்ற வகைக் கேலி இதில் நேரடியாக அடங்காது, அது முன்பு பார்த்த சமத்துவச் சட்டத் துன்புறுத்தல் விதியின் கீழேயே வரும். ஆனால் ஒளிபரப்பு நிலையங்களிலும் உடைமாற்றும் அறைகளிலும் இவ்விரண்டும் தனித்தனியாக நிகழ்வதில்லை. 2011இல் கசிந்த பதிவுகளில் இரண்டும் ஒரே மேசையில்தான் இருந்தன.